கவிழ்க்காத கொப்பரை

ஐந்து லிட்டர் சூரியகாந்தி எண்ணெயை நாத்தனார் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் தலைகீழாகக் கவிழ்த்தபோது கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் உறவு. மாரடைப்பு வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய மனிதரை நலம் விசாரிக்க வந்தவர்கள். வந்த இடத்தில் இப்படி ஒரு காட்சியும் கிடைத்தால் யார்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள்?

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றாள் நாத்தனார். "விதையைப் பிழிஞ்சு, நாத்தம் போக்கி, கண்ணாடி மாதிரி ஆக்கின விஷம் இது. இதை ஊத்தி ஊத்தித்தான் என் தம்பியோட ரத்தக் குழாயை அடைச்சிருக்கா. நான் எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டா?"

எண்ணெய் களக் களக்கென்று இறங்கியது. வீட்டுக்காரி அடுப்படியில் கரண்டியோடு நின்றாள். பதினாறு வருடமாக எண்ணெயோடு வேலை செய்கிறவள். அதனால் அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது ஒன்றுதான்.

"அண்ணி, எண்ணெயைக் குழாய்ல ஊத்தக்கூடாது. அடைச்சுக்கும்."

நாத்தனார் கூடத்துப் பக்கம் திரும்பி, கையை விரித்துக் காட்டினாள். "கேட்டீங்களா? புருஷன் குழாய் அடைச்சதுக்குக் கவலை இல்லை. சாக்கடைக் குழாய்க்குத்தான் கவலை."

பதினோரு பேரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் கவலையில் நாள் கணக்காகச் சிரிக்காமல் இருந்தவர்கள். சிரிப்பு மடை திறந்தது போல வந்தது. அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் போர்வை சுற்றிக்கொண்டு தம் கால் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நகத்தில் அப்படி என்ன இருந்ததோ, தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று சாயங்காலமே நாத்தனார் தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மாத்திரைப் பை, இரண்டு கைலி, கண்ணாடி, பல் துலக்கும் பிரஷ். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்து, குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து வருகிறது என்று சத்தம் போட்டார். கம்பியை விட்டு அவள்தான் குத்தினாள். குத்தக் குத்த அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது. சாக்கடைத் துளைக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தபடி அவள் தீர்மானித்தாள். இதற்கு ஒரு நாள் வரும். வராவிட்டால் நான் வரவழைப்பேன்.

அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலில் தொடங்கியது, பிறகு மரியாதையாகிவிட்டது. ஓட்டல்கள், விடுதிகள், கடைகளிலிருந்து பொரித்து முடித்த எண்ணெயை நீலக் கேன்களில் வாங்கிவந்து சேர்க்கும் கிடங்கு ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கிருந்து அது சோப்புக்கும் வண்டி எரிபொருளுக்கும் போகும். முதல் ஐந்து வருடம் வெந்நீரில் கேன் கழுவினாள். ஒரு நாள் பெரிய தொட்டியில் ஊற்றத் தூக்கிய கேனைத் தாண்டிப் போகையில் சட்டென்று நின்று, "இதுல மோட்டார் எண்ணெய் கலந்திருக்கு, ஊத்தாதீங்க," என்றாள். மேற்பார்வையாளர் சிரித்தார். சோதித்துப் பார்த்தார்கள். கலந்துதான் இருந்தது. மறுநாள் அவளைச் சோதனை மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். வெந்நீர்த் தொட்டியில் குப்பியை நிறுத்திக் கண்ணாடிக் கம்பியால் கலக்குவாள். காகிதப் பட்டையை நனைத்து நிற அட்டையோடு ஒப்பிடுவாள். ஆனால் பட்டை நிறம் மாறுவதற்குள் மூக்கு சொல்லிவிடும். இது இரண்டு நாள் எண்ணெய். இது மீன் பொரித்தது. இது அடுப்பை அணைக்கவே தெரியாதவன் கை. கெட்டது எல்லை தாண்டவில்லை என்றால் பச்சை முத்திரை. தாண்டியிருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் உரிம அலுவலகத்துக்குத் தகவல் போகும், அந்தச் சமையலறை கழுவித் துடைத்து மறுசோதனை முடியும்வரை அடுப்புப் பற்ற வைக்கக்கூடாது.

இப்படிப்பட்டவள் தன் வீட்டில் எப்படிச் சமைப்பாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு வேளைக்கு மூன்று சின்னக் கரண்டி. அதற்கு மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் கை கூசும். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஏதாவது பொரிப்பாள். பொரித்து மிஞ்சியதை மறுபடி அடுப்பில் ஏற்றியதே கிடையாது. சீசாவில் ஊற்றி வேலைக்குப் போகும்போது கிடங்குக்கு எடுத்துப் போய்விடுவாள். அந்தக் கைக்குத்தான் விஷம் வைத்த கை என்று பெயர் வந்தது.

ஆஸ்பத்திரியிலேயே அவள் எண்ணெயைப் பற்றிக் கேட்டுவிட்டிருந்தாள். உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். பொறுமையாகக் குறித்துக்கொண்டாள்.

"சூரியகாந்தி எண்ணெய்ல சமைச்சதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. புதுசா, அளவா ஊத்தினா கெட்டிக் கொழுப்பைவிட இது தேவலைன்னுதான் நாங்க சொல்றோம். ஆனா எதுவா இருந்தாலும் பொரிச்சதையே திரும்பத் திரும்பக் காய்ச்சினா கெடுதல்தான். சார், நீங்க வெளியில பொரிச்சது சாப்பிடுவீங்களா? சிகரெட்?"

"ரெண்டும் இல்லைங்க," என்றார் அவர். "வீட்டுச் சாப்பாடுதான்."

அதைக் கேட்டு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாவம்.

ஆலோசகர் சொன்னதை உறவினரிடம் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. நாத்தனாருக்குக் கைப்பேசியில் வருகிற காணொளிகள்தான் வேதம். ஒன்றில் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் விதை எண்ணெய் குடித்த எலியைக் காட்டினார், இன்னொன்றில் யாரோ எண்ணெய்ப் புட்டியைக் காலால் நசுக்கினார். நாத்தனார் நடத்தும் பொரியல் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கோழி, மீன், உருளைக்கிழங்கு. பெரிய இரும்புக் கொப்பரையில், கறிக்கடையிலிருந்து வாங்கி உருக்கிய கெட்டிக் கொழுப்பில் மட்டும் பொரிப்பாள். 'விதை எண்ணெய் தொடாத கடை' என்று பெரிய எழுத்தில் பலகை. அதற்காகவே கூட்டம் வந்தது. அவள் ஏமாற்றுக்காரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மனதார நம்பினாள். நம்புகிறவள் சொல்லும்போது அதில் ஒரு சூடு இருக்கும், கேட்கிறவர்களைச் சுட்டுவிடும்.

சுட்டது மூக்கக்காவின் மகளைத்தான் அதிகம். மகள் வேறு ஊரில் வங்கியில் வேலை பார்த்தாள். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்கிறவள். அத்தை போனில் என்ன ஓதினாளோ, அழைப்பு நின்றது. ஒரே ஒரு செய்தி வந்தது. 'அப்பா அத்தை வீட்டிலேயே இருக்கட்டும்மா. நீ இப்போதைக்குச் சமைச்சு எடுத்துக்கிட்டுப் போக வேண்டாம். தப்பா எடுத்துக்காதே.'

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? பெற்ற மகள், சோறு ஊட்டி வளர்த்த மகள், அம்மாவின் கைச் சோறு அப்பாவைக் கொல்லும் என்று நம்பிவிட்டாள். மூக்கக்கா கூப்பிட்டால் எடுப்பாள், "மீட்டிங்ல இருக்கேம்மா," என்பாள். ஒன்பது வாரம் மீட்டிங். அந்த வங்கியில் வேறு வேலையே நடக்கவில்லை போலிருக்கிறது.

மற்றவர்கள் என்ன சொன்னாலும் அவள் விழுங்கியிருப்பாள். மகள் வாயிலிருந்து 'அம்மா, நீ இல்லை' என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான். கூடவே, அந்த வார்த்தையைப் பறித்துக்கொண்டு போனவர்கள் தலை குனிய வேண்டும்.

ஒன்பதாவது வாரம், புதன்கிழமை காலை, வண்டிக்காரர் கேன்களை இறக்கினார். சின்னக் கடைகளும் பழைய எண்ணெயை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற விதி அந்த மாதம்தான் வந்திருந்தது. புதுக் கேன்கள் நிறைய. அதில் ஒன்றின் மூடியைத் திறந்ததும் மூக்கக்கா ஒரு எட்டு பின்னால் போய்விட்டாள்.

உள்ளே எண்ணெய் இல்லை, மண் நிறத்தில் இறுகிய கொழுப்பு. கரண்டியால் தோண்டினால் பழுப்புக்குக் கீழே கரும்பழுப்பு, அதற்கும் கீழே கரி போன்ற கறுப்பு. வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினாள். இளகத் தொடங்கியதும் கோழி, மீன், கிழங்கு எல்லாம் ஒன்றாகச் செத்துக் கிடக்கும் வாடை எழுந்தது, அடியில் பெயின்ட் டப்பா நாற்றம். காகிதப் பட்டையை நனைத்தாள். நிற அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டி அது கறுத்தது.

"தம்பி, இது எந்தக் காலத்துச் சரக்கு?"

"அதுவா?" வண்டிக்காரர் சிரித்தார். "கொப்பரை அடியில இருந்து தோண்டிக் குடுத்ததுக்கா. அந்தம்மா பெருமையா சொல்றாங்க, கடை திறந்த நாள்லேர்ந்து மூணு வருஷமா அந்தக் கொப்பரையைக் கவுத்ததே கிடையாதாம். தெனம் காலையில மேல கொஞ்சம் புதுசு போட்டுக்குவாங்களாம். சுத்தமான கொழுப்பு கெடாதாம், பழசாக ஆகத்தான் ருசியாம்."

மூக்கக்கா கேனில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கடைப் பெயரைப் படித்தாள். திரும்ப ஒரு தரம் படித்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

வண்டிக்காரர் விடவில்லை. "என்னைக் கேக்கறீங்களே, உங்க வீட்டுக்காரரைக் கேட்டா ருசி எப்படின்னு சொல்லுவாரே. தெனம் சாயங்காலம் அங்கதானே இருப்பாரு."

"எங்க?"

"பின்வாசல்லக்கா. நான் பக்கத்து ஓட்டலுக்குக் கேன் எடுக்கப் போவேன்ல. அவருக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டிருப்பாங்க. முதல் ஈடு பொரிச்சதும் தட்டு அவருக்குத்தான். ஒரு ரெண்டு, ரெண்டரை வருஷமா பாக்குறேன். இப்போ கொஞ்ச நாளா ஆளைக் காணோம். உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றாள் மூக்கக்கா.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடியும். வீட்டுக்கு ஏழு மணிக்கு வருவார். பேருந்து நெரிசல் என்பார். சாப்பாட்டுத் தட்டில் பாதியை ஒதுக்கி வைப்பார். "வயசாகுதுல்ல, பசிக்கலை." கணவர் வாயைக் கட்டப் பழகிவிட்டார் என்று அவள் நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் இருக்கிற சமையலறை எல்லாவற்றையும் மோப்பம் பிடிக்கத் தெரிந்தவளுக்குச் சொந்தப் புருஷன் சட்டையில் இருந்த வாடை தெரியாமல் போனது எப்படி? நாள் முழுக்க அந்த வாடையிலேயே நின்றுவிட்டு வருகிறவள். தன் சேலை வாடை என்று நினைத்திருக்கிறாள்.

அவள் சிவப்பு முத்திரையை எடுத்தாள். அழுத்திக் குத்தினாள். மேசை அதிர்ந்தது.

அடுத்த நாள் மதியம் நாத்தனார் கிடங்குக்கே வந்துவிட்டாள். சோதனை நடக்கிறது, முடிவு வர வேண்டும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோதிக்கிறவள் யார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பிசுபிசுத்த தரையில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பொட்டலத்தோடு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நீ கேன் கழுவுறேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்," என்றாள்.

"கழுவிட்டுத்தான் இருந்தேன். அது பழைய கதை. உக்காருங்க அண்ணி."

"உனக்காகக் கொஞ்சம் கோழி கொண்டுவந்தேன்."

"காலையில பொரிச்சு, மறுபடி சூடு பண்ணியிருக்கீங்க," என்றாள் மூக்கக்கா, பொட்டலத்தைத் தொடாமலே. "தேநீர் சொல்றேன், குடிங்க."

தேநீர் வந்தது. நாத்தனார் குடிக்கவில்லை, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் முழங்கிய குரல் அடித்தொண்டைக்கு இறங்கியிருந்தது.

"இத பாரும்மா. நமக்குள்ள ஆயிரம் இருக்கும். குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கலாம். அந்தக் கேனை எங்கேயாவது ஓரமா வெச்சிடு. வேற கேன் தரேன், புதுக் கொழுப்பா தரேன். பலகை போட்டு நடத்துற கடை. மூடினா என் மானம் போயிடும்."

"மானம் பெரிசுதான் அண்ணி."

"நான் உன்னைப் பேசினது தப்புதான். எல்லார்கிட்டயும் திருப்பிச் சொல்லிடறேன். அவ எண்ணெய்ல ஒண்ணுமில்லைன்னு நானே சொல்றேன். போதுமா?"

மூக்கக்கா கண்ணாடிக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு வருஷத்துக்கு மேல அவர் அங்க சாப்பிட்டிருக்கார். அன்னிக்குக் கூடத்துல என்னைத் திட்டும்போது அது உங்களுக்கு ஞாபகம் வரலையா?"

"வந்துச்சே. என் கடையில தின்னதாலதான் இத்தனை நாள் தாங்கினான்னு நினைச்சேன். சத்தியமா. சுத்தக் கொழுப்புதானே குடுத்தேன் என் தம்பிக்கு. நல்ல துண்டா பொறுக்கிக் குடுத்தேன்." அவள் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. "உன்கிட்ட மறைச்சது அவன்தான். 'அக்கா, நான் இங்க வர்றதைச் சொல்லிடாதே, மூக்கு என்னைப் புடைச்சிடுவா'ன்னான். சிரிச்சோம்."

"சிரிச்சீங்க."

"ஆமா."

"நான் பதினோரு பேர் முன்னாடி நின்னு பேச்சு வாங்கினேனே. அதுக்கப்புறம் உங்க வீட்ல தனியா இருந்தப்போ அவர் ஒண்ணுமே சொல்லலையா?"

நாத்தனார் டம்ளரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்குவது தெரிந்தது. சொன்னால் இவள் இளகுவாள் என்று தப்புக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"'பாவம்க்கா'ன்னான். நான் வேணா நிறுத்திக்கட்டுமாடான்னு கேட்டேன். 'விடு, அவ தாங்கிக்குவா'ன்னுட்டான்."

கொதிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? பெரிய சத்தம் கேட்கும், மேலெல்லாம் தெறிக்கும். மூக்கக்காவுக்குள் அப்படி எதுவும் ஆகவில்லை. சத்தம் அடங்கிப்போனது. ஒன்பது வாரம் நாத்தனார் முகத்தை வைத்து வளர்த்த வன்மம் அப்படியே எழுந்து, வேறு ஒரு முகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து சோதனைச் சீட்டின் நகலை எடுத்து முன்னால் வைத்தாள். சிவப்பு வட்டம். நேற்றைய தேதி.

"இது நேத்தே போயிடுச்சு அண்ணி."

நாத்தனார் சீட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அப்போ இவ்வளவு நேரம் என்னைக் கெஞ்ச விட்டது?"

"கேக்கணும்னு தோணுச்சு. கேட்டுட்டேன்."

"இவ்வளவு கெட்டவளா நீ?"

"கெட்டது எது, கெடாதது எதுன்னு பாக்குறதுதானே இங்க என் வேலை. கொப்பரையைக் கவுத்துக் கழுவுங்க. அடியில இருக்குறதைச் சுரண்டி எங்க கேன்லயே போடுங்க, குழாய்ல ஊத்திடாதீங்க. மறுசோதனைக்கு நானே வருவேன். சரியா இருந்தா பச்சைதான் குத்துவேன், அதுல வஞ்சம் வெக்கமாட்டேன்." பிறகு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இப்போ உங்க கூடவே வரேன். உங்க தம்பியைப் பாக்கணும்."

நாத்தனார் வீட்டு முன்னறையில் லிஃப்ட் மெக்கானிக் சாய்வு நாற்காலியில் இருந்தார். தினமும் காலையில் நடக்கப் பழகி முகம் தெளிந்திருந்தது. மனைவியையும் அக்காவையும் ஒன்றாகப் பார்த்ததும் எழ முயன்றார். "வா வா. என்ன ரெண்டு பேரும் சேந்து? சமாதானம் ஆயிடுச்சா?" என்று சிரித்தார்.

மூக்கக்கா பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். மதியம் கிடங்கிலிருந்து கிளம்பும்முன் எழுதியது. பத்தொன்பது பெயர். அன்று கூடத்தில் இருந்த பதினோரு பேர், பிறகு நாத்தனார் போனில் சொல்லிவைத்த ஏழு பேர், கடைசியில் மகள்.

"போனை எடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"இந்த வரிசையில கூப்பிடுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுங்க. 'ரெண்டு வருஷமா என் அக்கா கடைப் பின்வாசல்ல தெனம் தின்னேன். வீட்ல மறைச்சேன். டாக்டர்கிட்டயும் மறைச்சேன். என் பொண்டாட்டியைப் பேசினப்போ தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்தேன்.' இவ்வளவுதான். சத்தமா, எனக்குக் கேக்கறாப்புல."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லாத மனுஷன்கிட்ட இப்படியா?" என்றார் மெதுவாக.

"நேத்து டாக்டர் மாடி ஏறலாம்னு சொன்னாராமே, அண்ணி வழியில சொன்னாங்க. மாடி ஏறுற நெஞ்சு நாலு வார்த்தை பேசினா நின்னுடாது." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "பாதியில மூச்சு வாங்கினா நிறுத்துங்க, காத்திருக்கேன். நீங்கதான் சொன்னீங்களாமே, நான் தாங்கிக்குவேன்னு."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவர் போனை எடுத்தார்.

முதல் அழைப்பு அவருடைய சகலைக்கு. நலம் விசாரித்தார், மழை விசாரித்தார், மாத்திரை எத்தனை வேளை என்று சொன்னார். பிறகு, "அது வந்து, நானும் கொஞ்சம் வெளியில சாப்பிட்டிருக்கேன்..." என்று இழுத்தார்.

"கொஞ்சம் இல்லை," என்றாள் மூக்கக்கா. "திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னார். மறுமுனையில் சகலை, "அடப்பாவி, நாங்க எல்லாம் அந்தப் பொண்ணைப் பாத்துச் சிரிச்சோமேய்யா," என்றார். அது ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது. மூக்கக்கா தாளில் ஒரு பெயரை அடித்தாள்.

நான்காவது அழைப்புக்குள் அவருக்குப் பாடம் மனப்பாடமாகிவிட்டது. ஒன்பதாவது ஆள், அவருடைய சித்தப்பா மகன், "இதைச் சொல்றதுக்காடா கூப்பிட்டே, எனக்கு அப்பவே தெரியும்," என்றான். மூக்கக்கா போனை வாங்கி, "அப்பவே தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி, சிரிப்பு அடக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பதினொன்றில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். குடித்ததும் அடுத்த எண்ணைச் சொன்னாள். இரக்கம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. இடுப்பில் செருகி வைத்துக்கொண்டாள், வேலை முடிந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

பதினெட்டு முடியும்போது வெயில் ஜன்னலை விட்டு இறங்கியிருந்தது. நாத்தனார் கதவோரம் உட்கார்ந்து, முழங்காலில் முகம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊட்டி வளர்த்த நம்பிக்கையைத் தம்பியின் வாயே பதினெட்டு முறை உடைத்துப் போட்டிருந்தது. அதைப் பார்க்கும்போது மூக்கக்காவுக்கு நினைத்த அளவு இனிக்கவில்லை. ஆனாலும் இனித்தது. பொய் சொல்லக்கூடாது.

"அடுத்து பொண்ணு," என்றாள்.

அவர் போனை மடியில் வைத்தார். "அவகிட்ட வேண்டாமே. என்னைப் பத்தி அவ என்ன நினைப்பா? ஒரே பொண்ணு."

"எனக்கும் ஒரே பொண்ணுதான்."

மணி இரண்டு முறை அடிப்பதற்குள் மகள் எடுத்தாள். "அப்பா, என்ன இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

மூக்கக்கா உதவவில்லை. பதினெட்டு முறை சொன்ன வார்த்தைகள் இப்போது ஒன்றுகூட வரிசையில் நிற்கவில்லை. கடைசியில் அவர் மனப்பாடத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பேசினார்.

"உங்கம்மா மேல தப்பில்லம்மா. நான்தான். அத்தை கடையில தெனம் தின்னுட்டு வீட்டுக்கு வந்து பசிக்கலைன்னு சொல்லுவேன். அவளை எல்லாரும் பேசினப்போ நான் சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். பயந்துட்டேன். இத்தனை வருஷம் அவ அளந்து அளந்து ஊத்தினதை எல்லாம் நான் வீணாக்கிட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமேன்னு பயம்."

மறுமுனையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "அம்மா பக்கத்துல இருக்காளா? குடுப்பா."

அவர் போனை நீட்டினார். மூக்கக்கா வாங்கவில்லை. நாற்காலியின் கைமேல் வைக்கச் சொல்லிக் கண் காட்டினாள்.

"அம்மா? கேக்குதாம்மா?"

"கேக்குது."

"மன்னிச்சிடும்மா. அத்தை சொன்னதை நம்பிட்டேன்."

"நம்பினதுக்கு மன்னிப்பு வேண்டாம்," என்றாள் மூக்கக்கா. "உங்கத்தையே நம்பித்தான் பேசினாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? 'அம்மா, நிஜமா?'ன்னு கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்ல. கேக்காம மீட்டிங் மீட்டிங்னு ஓடினியே, அதுக்குச் சொல்லு."

மகள் அழுதாள். அழுகைக்கு நடுவே, கேட்காமல் போனதற்கு என்று தெளிவாகச் சொன்னாள். நீ இல்லைம்மா, நீ இல்லவே இல்லை என்றாள். ஒன்பது வாரமாக அம்மா எதற்காகக் காத்திருந்தாளோ அது வந்தேவிட்டது. மூக்கக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அறையில் இருந்த இரண்டு பேருக்கும் அது தெரியக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரிந்துதான் போயிற்று.

"இன்னொரு தரம் சொல்லு," என்றாள் சற்று நேரம் கழித்து.

சொன்னாள். அதற்குப் பிறகுதான் மூக்கக்கா போனைக் கையில் எடுத்தாள்.

பேசி முடித்து அவள் எழுந்தபோது கணவர் கேட்டார். "நானும் வீட்டுக்கு வரட்டுமா?"

"உங்க வீடு. நான் என்ன, வேண்டாம்னு சொல்லப்போறேனா?"

மாத்திரைப் பையையும் கைலிகளையும் அவரே மடித்து எடுத்துவைத்தார். அவள் உதவவில்லை. நாத்தனார் எழுந்து வாசல்வரை வந்தாள். மூக்கக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "திங்கட்கிழமை வரேன் அண்ணி, கொப்பரையைப் பாக்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

தெருவில் அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால். ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. தபால் நிலையத்தைத் தாண்டியதும் பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றது.

"கொஞ்சம் நில்லேன்," என்றார் அவர். மூச்சு வாங்கியது.

அவள் நின்றாள், முதுகைக் காட்டியபடியே. போகிற வருகிறவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு கையைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"பையைக் குடுங்க. உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. பை கனமா இருக்கு, அவ்வளவுதான்."